மாத்திரை விற்க மறுத்தவருக்கும் மற்ற எல்லோருக்கும்

நண்பர்களே, உறவுகளே,

இதய அறுவை சிகிச்சை முடிந்து அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். இதை எழுதும்போது பக்கத்து அறையில் யாரிடமோ போனில் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார். அந்தச் சத்தம் போதும் எங்களுக்கு. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், மறுபடி சொல்லப் போவதில்லை.

இரத்தம் கொடுத்தவர்கள், ராத்திரி துணைக்குப் படுத்தவர்கள், எப்போது திருப்பித் தருவாய் என்று கேட்காமல் பணம் அனுப்பியவர்கள், அம்மாவைத் தனியாக விடாமல் பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்தார், தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர்கள், அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் என்று ஒரு கூட்டமே அவரைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. பேர் பேராகச் சொன்னால் யாராவது விட்டுப்போகும். எல்லோருக்கும் சேர்த்து ஒரே கும்பிடு.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். அவரை உங்களில் யாருக்கும் தெரியாது.

டிஸ்சார்ஜ் ஆன அன்று மருந்து வாங்கப் போனேன். அப்பாவுக்கு முழங்கால் வலியும் உண்டு, அதற்கு வேறொரு மருத்துவர் எழுதியிருந்தார். இதய மருத்துவர் கொடுத்த சீட்டு, முழங்கால் சீட்டு இரண்டையும் மருந்துக் கடை கவுண்டரில் வைத்தேன். பின்னால் நீள வரிசை. கவுண்டரில் இருந்த பெண் படிப்பை முடித்துச் சமீபத்தில்தான் வேலைக்கு வந்திருக்க வேண்டும். மாத்திரை அட்டைகளை எடுத்து வைத்தவர், பில் போடப் போன கையை நிறுத்திவிட்டு இரண்டு சீட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

“அண்ணா, ரெண்டும் ஒரே ஆளுக்கா?”

“ஆமாம்மா, அப்பாவுக்கு.”

“அப்போ இந்த டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையை நான் தர முடியாதுண்ணா. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபாரின் சாப்பிடறவங்களுக்கு இதையும் சேர்த்துக் கொடுத்தா வயித்துக்குள்ள ரத்தம் கசியலாம். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்.”

எனக்குப் பின்னால் நின்றவர், “டாக்டரை விட உங்களுக்கு அதிகம் தெரியுமா?” என்று முணுமுணுத்தார். அது காதில் விழுந்த மாதிரியே அந்தப் பெண் காட்டிக்கொள்ளவில்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மருத்துவர் லைனில் வரும்வரை அந்த முணுமுணுத்தவருக்கே மருந்து எடுத்துக் கொடுத்தார். மருத்துவர் வந்ததும், “சார், இந்த பேஷன்ட் வார்ஃபாரின்ல இருக்காரு, அதான் கேட்டேன்” என்று மட்டும் சொன்னார். அவரைச் சிறுமைப்படுத்துகிற மாதிரி ஒரு எழுத்துகூட இல்லை. மருத்துவரும் உடனே மாற்றிச் சொல்லி நன்றி சொன்னார். அந்த அட்டை அலமாரிக்குத் திரும்பிப் போனது. அப்புறம் அப்பாவின் ஃபைல் உள்அட்டையில் பேனாவால் அழுத்தி எழுதினார்: “வலி மாத்திரை எதுவானாலும் கேட்டுவிட்டு வாங்கவும்.”

அவ்வளவுதான் நடந்தது. கடைக்கு ஒரு அட்டை விற்பனை போனது. எங்களுக்கு என்ன போயிருக்கும் என்று வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் உறைத்தது. வார்ஃபாரின் இரத்தம் உறைவதைத் தடுத்து வைக்கிறது. டைக்ளோஃபெனாக் வயிற்றின் உட்சுவரைப் புண்ணாக்கக்கூடியது, போதாக்குறைக்கு, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் வேலையையும் கெடுக்கும்.

எங்கள் வீட்டில் ஓயாத சண்டை ஒன்று உண்டு. படிப்பு எதற்கு, காசுக்கா குணத்துக்கா? அப்பா காசுக் கட்சி. யார் என்ன படிக்கிறார்கள் என்று சொன்னாலும் “முடிச்சா எவ்வளவு வரும்?” என்பார். அவரைச் சும்மா குறை சொல்ல முடியாது. ஒரு வருஷம் கூடுதலாகப் படித்தால் வருமானம் சராசரியாக 9 சதவீதம் அளவுக்குக் கூடுகிறது என்று பல நாட்டு விவரங்களைச் சேர்த்துப் பார்த்த பொருளாதார அறிஞர்களும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இல்லாத வீட்டுப் பிள்ளையிடம் போய்ப் படிப்பு ஒழுக்கத்துக்கு மட்டும்தான் என்று உபதேசம் செய்வது கொடுமை. ஆனால் அந்தக் கணக்கு சம்பளத்தை மட்டும்தான் பார்க்கும். கவுண்டரில் அந்தப் பெண் செய்தது அதில் எந்தக் கட்டத்திலும் ஏறாது. கடைக் கணக்கில் ஏறினால் நஷ்டம் என்றுதான் ஏறும்.

நல்ல குணம் மட்டும் இருந்திருந்தாலும் அப்பா தப்பியிருக்க மாட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மருந்தியல் படிக்காத ஒரு தங்கமான மனிதர் அங்கே இருந்திருந்தால், சிரித்த முகத்தோடு அந்த அட்டையைக் கொடுத்து அனுப்பியிருப்பார். படித்துவிட்டு, தெரிந்தும் நமக்கென்ன என்று பில் போடுகிறவரும் அதே அட்டையைத்தான் கொடுத்திருப்பார். படிப்பால் வரும் சம்பளம் படித்தவர் பைக்குப் போகிறது, சரி, போகட்டும். அவருடைய நேர்மை எதிரே நிற்கிறவனுக்கு வந்து சேர்கிறது. எதிரே நின்று பார்த்தவன் என்பதால் எனக்கு எந்தக் கட்சி என்பதில் இப்போது சந்தேகமில்லை.

வார்ஃபாரின் பிறந்த கதையிலேயே இதற்கு ஒரு சாட்சி கிடைத்தது. 1933-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு விவசாயி, செத்துப்போன பசுவையும் உறையாத இரத்தம் நிரம்பிய ஒரு கேனையும் பனிப்புயலில் ஏற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்தார். பசு தின்ற கெட்டுப்போன தீவனத்தில் இருந்து, இரத்தத்தை உறையவிடாமல் செய்த பொருளைப் பிரித்தெடுக்க, அங்கிருந்த உயிர்வேதியியலாளர் கார்ல் லிங்க்கின் ஆய்வுக்கூடத்துக்குப் பல வருஷங்கள் ஆயின. அதன் வழியில் பிறந்த வார்ஃபாரின் 1948-ல் எலி மருந்தாகத்தான் முதலில் விற்பனைக்கு வந்தது. 1954-ல்தான் மனிதர்களுக்கு அனுமதி. இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது 1925-ல் தொடங்கிய ஒரு அறக்கட்டளை. அதே பல்கலைக்கழகத்தின் ஹாரி ஸ்டீன்பாக், உணவில் வைட்டமின் டி-யைக் கூட்டும் வழியைக் கண்டுபிடித்தபோது, விலை பேச ஆள் வந்தும் தனக்கென்று விற்கவில்லை. காப்புரிமை வருமானம் மறுபடி ஆராய்ச்சிக்கே போகும்படி அந்த அமைப்பை உருவாக்கினார்கள். காசைக் கண்டு முகம் சுளித்த சாமியார்கள் இல்லை இவர்கள். காசு எங்கே போக வேண்டும் என்று தெரிந்தவர்கள்.

நானும் கையெழுத்துப் போடுகிற வேலையில் இருப்பவன்தான். வெளியே வரிசை எவ்வளவு நீண்டாலும், இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் பேனாவைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அந்தப் பொண்ணுக்கு என்ன சம்பளம்?” என்றார். பாருங்கள், மாறவே மாட்டார். தெரியாது என்றேன். “கம்மியாத்தான் இருக்கும். ஏத்திக் கொடுக்கச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுது, நான் கையெழுத்துப் போடறேன்” என்றார். கடிதம் எழுதியாயிற்று, நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இன்னொன்று. இரத்தம் கொடுத்தவர்களில் சிலருடைய எண் என்னிடம் இல்லை. யார் மூலம் வந்தார்கள் என்று தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள். அப்பா ஒவ்வொருவரிடமும் தானே பேச வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார்.