தேய்பிறை அஷ்டமிக்கு விளக்கேற்ற வரும் அக்கா தங்கைகளுக்கு

அன்புள்ள அக்காக்களே, தங்கைகளே,

அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமியன்று, சாம்பல் பூசணிக்காயை இரண்டாக வெட்டி எண்ணெய் ஊற்றித் திரி போட்டு நிற்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. உங்கள் பெயர் தெரியாது. வரிசையில் நீங்கள் பேசுவது மட்டும் காதில் விழும். ஒருவர் வீட்டில் குடி, இன்னொருவர் வீட்டில் சர்க்கரை மாத்திரையைத் தொடாத மாமனார். எந்தப் பேச்சும் “சொன்னா கேட்டாத்தானே” என்றுதான் முடியும்.

என் வீட்டில் தம்பி. லாரி ஓட்டுகிறான். கோயிலைத் தாண்டிச் சேலம் பக்கம் போகிற 44-ஆம் எண் நெடுஞ்சாலை தொப்பூர் கணவாயில் இறங்குகிறதே, அங்கே லோடு வண்டியை நியூட்ரலில் விடுவான். டீசல் மிச்சமாம். கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் மொத்தப் பாரமும் பிரேக் தலையில்தான். சூடேறினால் ஒரு கட்டத்தில் பிரேக் பிடிக்காது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான்! இரட்டைப் பாலம் பக்கம் நொறுங்கிக் கிடக்கும் வண்டிகளை என்னைவிட அதிகம் பார்த்தவனும் அவன்தான்.

நான் சொல்லாத நாளில்லை. சோறு போடும்போது சொன்னேன், போனில் சொன்னேன், அவன் மனைவியை விட்டுச் சொன்னேன். ஒரு அஷ்டமிக்குக் கோயிலிலிருந்தே கூப்பிட்டு, “உனக்காகத்தான் வெயில்ல நிக்கறேன், இனிமேலாவது கியர்ல இறங்குடா” என்றேன். “அப்படியே டீசல் விலை குறையவும் வேண்டிக்கக்கா” என்று வைத்துவிட்டான். அப்புறம் எப்போது கூப்பிட்டாலும் “ஓட்டிட்டு இருக்கேன்”தான்.

கோபத்தில் அடுத்த மாதம் பூசணிக்காய் வாங்காமலே சந்தையிலிருந்து திரும்பிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. சாமியிடம் நான் சொன்னதைவிட, சாமியை வைத்து அவனுக்குச் சொன்னதுதான் அதிகம் என்று அப்போதுதான் உறைத்தது.

நம் ஊர் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தது எல்லாருக்கும் தெரியும். சாவை நீக்கும் கனி என்ற சேதியைத் தனக்குள்ளேயே அடக்கிக்கொண்டு கொடுத்தான் என்றுதான் ஔவை பாடுகிறாள். நானாக இருந்தால் கனியைக் கையில் வைத்துக்கொண்டே அதன் அருமையை ஒரு மணி நேரம் பேசியிருப்பேன்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வேண்டுவதை விடாதீர்கள். வேண்டிக்கொண்டதை வீட்டில் சொல்லிக்காட்டாதீர்கள். (குடித்துவிட்டுக் கை நீட்டுகிறவர் என்றால் அது வேறு கதை. அங்கே விளக்கு மட்டும் போதாது. முதலில் பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்யுங்கள்.) ஆபத்தை ஒருமுறை தெளிவாகச் சொல்லியாகிவிட்டதா, சரி. அதையே நூறு தடவை சொன்னால் அவர்கள் காதுக்கு நம் குரலே தொல்லையாகிவிடுகிறது. நாளைக்கு ஏதாவது ஒன்றென்றால் கூப்பிடக்கூடத் தயங்குவார்கள். எனக்கு அந்தப் பயம்தான்.

மறுபடியும் கோயிலுக்குப் போகிறேன். போகிற சேதி அவனுக்குத் தெரியாது. போன் செய்தால் சாப்பிட்டாயா, எந்த ஊர் என்பதோடு சரி.

தம்பி மாறிவிட்டானா என்று கேட்பீர்கள். போன வாரம் தொப்பூர் தாண்டியதும் அவனாகவே கூப்பிட்டு, “இறங்கிட்டேன்க்கா” என்றான்.

எந்தக் கியரில் என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

இப்படிக்கு,
வரிசையில் உங்களுக்குப் பின்னால் நிற்பவள்,
தர்மபுரி.