21-ஆவது குரோமோசோம்: பெற்றோருக்குச் சொல்லாமல் விட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ‘டவுன் சிண்ட்ரோமுக்கு விடிவு’ என்ற கட்டுரையைப் படித்தேன். மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களில் 21-ஆவது, இரண்டு பிரதிகளுக்குப் பதில் மூன்றாக இருப்பதுதான் டவுன் சிண்ட்ரோம். ஜப்பானின் மியே பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கூடுதலாக இருக்கும் அந்த 21-ஆவது குரோமோசோமை, மரபணுவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் முறையில் செல்லிலிருந்து நீக்கிக் காட்டியதை எளிமையாக எழுதியிருந்தீர்கள். இப்படி ஒரு விஷயத்துக்குப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் அந்தத் தலைப்பும், ‘இனி இதைக் குணப்படுத்திவிடலாம்’ என்ற கடைசி வரியும் மனதை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. குரோமோசோம் பரிசோதனைக் கூடத்தில் பல வருடங்கள் வேலை பார்த்தவள் நான். ரிப்போர்ட் வாங்க வரும் பெற்றோர் இந்த வரியை எப்படிப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

2025-இல் வெளியான அந்த ஆய்வு முழுக்க முழுக்க ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் நடந்தது. மூன்று பிரதிகளில் ஒன்றை மட்டும் இனம்கண்டு, அதைப் பல இடங்களில் வெட்டி, செல் அதை இழக்கும்படி செய்திருக்கிறார்கள். எல்லா செல்லிலும் அது போய்விடவில்லை, ஒரு பகுதியில்தான் போனது. போன செல்களில் மரபணுக்களின் செயல்பாடு இயல்பை நோக்கித் திரும்பியது. அருமையான வேலைதான். ஆனால் குழந்தையின் உடம்பில் இருப்பவை கோடானுகோடி செல்கள். மூளையும் இதயமும் பெருமளவு கருவிலேயே உருவாகிவிடுகின்றன. வெட்டும் கருவி தவறிப்போய் வேறு குரோமோசோமில் வெட்டிவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியும் இருக்கிறது. இதில் ஒன்றைக்கூடக் கட்டுரை தொடவில்லை.

இந்தத் துறை எவ்வளவு பொறுமையாக வளர்ந்தது என்பதையும் சொல்லியிருக்கலாம். மனிதனுக்கு 46 குரோமோசோம் என்பதே 1956-இல்தான் உறுதியானது. அதுவரை 48 என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார்கள். மூன்று வருடம் கழித்து, 1959-இல், பாரிஸில் மார்த் கோட்டியே, ஜெரோம் லெஜூன், ரேமோன் டுர்பன் ஆகியோர் டவுன் சிண்ட்ரோமுக்கும் கூடுதல் குரோமோசோமுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார்கள். குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் பரிசோதனை இன்றும் கிட்டத்தட்ட அதே கைவேலைதான். கொஞ்சம் ரத்தத்தை மூன்று நாள் வளர்க்க வேண்டும். செல் பிரியும் தருணத்தில் மருந்து கொடுத்து நிறுத்த வேண்டும். உப்பு குறைந்த கரைசலில் ஊறவைத்தால் செல் உப்பிக்கொள்ளும். அதைச் சொட்டாகக் கண்ணாடி வில்லையில் விட்டு, சாயம் ஏற்றினால், வரிவரியாகக் குரோமோசோம்கள் தெரியும். ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டே வரும்போது, கடைசி வரிசையில் ஜோடி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று குட்டிக் குரோமோசோம்கள் நிற்கும். 21-தான் அளவில் எல்லாவற்றையும் விடச் சிறியது, 22-ஐ விடவும்.

அவ்வளவு சிறியது ஒன்று கூடினால் ஏன் இத்தனை மாற்றம்? அதிலுள்ள மரபணுக்களில் கெட்டுப்போனது எதுவும் கிடையாது, எல்லாமே சரியானவை. அளவுதான் பிரச்சினை. இரண்டு பிரதிகள் செய்ய வேண்டிய புரதத்தை மூன்று பிரதிகள் செய்கின்றன. ஏ.பி.பி. என்ற மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். அது தரும் புரதத்திலிருந்துதான் அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படியும் அமைலாய்டு உண்டாகிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு நாற்பது வயதுக்குள் அந்தப் படிவு வந்துவிடுவது இதனால்தான். 1998-இல் ஒரு பெண்மணியைப் பற்றி எழுதினார்கள். அவருக்கு 21-ஆவது குரோமோசோமில் ஒரு பகுதி மட்டுமே கூடுதலாக இருந்தது, அந்தப் பகுதியில் ஏ.பி.பி. இல்லை. 78 வயதிலும் அவருக்கு அல்சைமர் வரவில்லை. ஒரே ஒரு புரதத்தின் அளவு ஒரு முதுமையை எப்படி மாற்றுகிறது பாருங்கள்! எந்த வகை செல்லாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்களைப் பற்றிய ஆய்வின் உண்மையான பயன் எனக்கு இங்கேதான் தெரிகிறது. 2006-இல் எலியின் செல்லிலும் 2007-இல் மனித செல்லிலும் ஜப்பானிய ஆய்வாளர் யாமனாகா காட்டிய வழியில், தோல் செல்லை ஸ்டெம் செல்லாக்கி, அதை நரம்பு செல்லாக வளர்த்து, உள்ளே நடப்பதைப் பார்க்க முடிகிறது. 2013-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜீன் லாரன்ஸின் குழு, பெண்களின் ஒரு எக்ஸ் குரோமோசோமை இயற்கையாக அடக்கிவைக்கும் மரபணுவை எடுத்து, மூன்றாவது 21-க்குள் வைத்து அதை அடக்கிக் காட்டியது. அதுவும் ஆய்வகத் தட்டில்தான். மருந்துகளைத் தேட இவையெல்லாம் வழி காட்டும்.

அப்புறம், கட்டுரையில் ‘பரம்பரை நோய்’ என்று எழுதிவிட்டீர்கள். இதைத் திருத்தியே ஆக வேண்டும். நூற்றில் சுமார் 95 பேருக்கு இது பரம்பரையாக வருவதில்லை. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது குரோமோசோம் சரியாகப் பிரியாமல் போகிறது, அவ்வளவுதான். தாயின் வயது கூடினால் வாய்ப்பு கூடும் என்பது உண்மை, ஆனால் அதில் யார் செய்த தப்பும் இல்லை. மூன்று நான்கு பேருக்கு மட்டும் கூடுதலான 21-ஆவது குரோமோசோம், 14-ஆவது போன்ற வேறொரு குரோமோசோமோடு ஒட்டியிருக்கும். அப்போதுதான் பெற்றோர் இருவருக்கும் பரிசோதனை தேவைப்படும். ‘உன் வீட்டு வழியில்தான் வந்திருக்கிறது’ என்று மாமியார் சொல்ல, கையில் ரிப்போர்ட்டோடு வாயடைத்து நின்ற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அச்சில் வந்த ஒரு வார்த்தை அந்தப் பேச்சுக்குச் சாட்சியாகிவிடக் கூடாது.

‘குணமாகும்’ என்று படித்தவர்கள் அடுத்து எங்கே போவார்கள் என்பதும் கவலையாக இருக்கிறது. நிரூபிக்கப்படாத ஸ்டெம் செல் ஊசிகளை விற்கும் இடங்கள் உலகெங்கும் இருக்கின்றன. 2015-இல் அமெரிக்காவில் விழித்திரைக் கோளாறுக்காகத் தங்கள் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணில் போட்டுக்கொண்ட மூன்று பெண்களுக்குப் பார்வை கடுமையாகப் பறிபோனது.

இந்தக் குழந்தைகளின் வாழ்க்கை ஏற்கெனவே மாறியிருக்கிறது, ஆனால் குரோமோசோமை நீக்கியதால் அல்ல. அமெரிக்காவில் 1980-களின் தொடக்கத்தில் சராசரி ஆயுள் 25 வயதை ஒட்டி இருந்தது, இப்போது 60-ஐ ஒட்டி இருக்கிறது. அதில் பெரும் பங்கு இதய அறுவை சிகிச்சைக்கு. ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் இதயக் கோளாறோடு பிறக்கிறார்கள். பிறந்த உடனே இதயத்துக்கு எக்கோ ஸ்கேன், தொடர்ந்து தைராய்டு, காது, கண் பரிசோதனைகள், சீக்கிரமே பேச்சுப் பயிற்சி: இவை இன்றே கிடைக்கக்கூடியவை. அடுத்த இதழில் ‘பரம்பரை நோய்’ என்பதற்குத் திருத்தம் போட்டு, அதன் பக்கத்திலேயே இந்தப் பரிசோதனைகளை எந்த வயதில் செய்ய வேண்டும் என்று ஒரு குழந்தை மருத்துவரிடம் கேட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பரிசோதனைக்கூட ஊழியர் ஒருவர்