பாப்பாவுக்கு, கணக்கு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மா எழுதுவது

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஹைதராபாத்திலிருந்து பேசினபோது பேச்சோடு பேச்சாக, "சின்ன வயசுல நான் சம்பாதிச்ச பணமெல்லாம் என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாய். கோபத்தில் கேட்கவில்லை, அது எனக்குத் தெரியும். உன் படத்தில் உனக்கு மகளாக நடிக்கிற ஆறு வயதுக் குழந்தை ராத்திரி பதினோரு மணிக்கு பிளாஸ்டிக் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினதைச் சொல்லிக்கொண்டே வந்தாய், அதிலிருந்து இந்தக் கேள்வி வந்தது. நான் "அடுப்புல குக்கர் இருக்கு, அப்புறம் பேசுறேன்" என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை. அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை.

நாலு மணிக்கு எழுந்து இட்லி மாவு போட்டு முடித்த பிறகு பரணிலிருந்து அந்தத் தகர டப்பாவை இறக்கினேன். நீல அட்டை நோட்டு அப்படியே இருக்கிறது. 2002-லிருந்து 2006 வரைக்கும் நீ செய்த 23 விளம்பரத்தையும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். விளம்பரத்துக்குப் பிள்ளைகளைப் பிடித்துக் கொடுக்கிற கோஆர்டினேட்டரின் கமிஷன் போக நம் கைக்கு வந்தது 3,86,500 ரூபாய். முதல் விளம்பரத்துக்கு நாலாயிரம், அதுவும் மூன்று மாதம் கழித்துத்தான் செக் வந்தது, அதற்குள் நான் எத்தனை தரம் மாஹிமில் லோக்கல் ஏறி அந்தேரிக்குப் போய் அந்த ஆபீஸ் வாசலில் நின்றேன் என்பதை நோட்டில் எழுதவில்லை.

பணம் எங்கே போனது என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா வேலை பார்த்த கம்பெனி 2003-ல் மூடிவிட்டார்கள். பதினாலு மாதம் வீட்டில் இருந்தார். அந்தப் பதினாலு மாத வாடகை, ரேஷன், உன் தம்பி பிறந்த ஆஸ்பத்திரிச் செலவு, ஆச்சியின் கண் ஆபரேஷன் எல்லாம் உன் பணம். 90 அடி ரோட்டில் இப்போது நாங்கள் இருக்கிற இந்த அறைக்கு டெபாசிட் கொடுத்ததில் ஒரு லட்சத்து அறுபதாயிரம் உன்னுடையது. உன் பெயரில் ஒரு ரூபாய்கூடப் போட்டு வைக்கவில்லை, அது என் தப்புதான். அஞ்சு வயதுப் பிள்ளை ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டது, நாங்கள் பெரியவர்கள் மூன்று பேர் அதைச் சாப்பிட்டோம். இதைச் சொல்ல எனக்கு இருபது வருஷம் ஆகியிருக்கிறது.

ஏன் உன்னை அதில் கொண்டுபோய் விட்டேன் என்றும் ஒருநாள் கேட்பாய், அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். நான் கோவில்பட்டிப் பக்கம் வளர்ந்தவள். ஸ்ரீதேவி பிறந்த மீனம்பட்டி அங்கிருந்து ரொம்ப தூரமில்லை, சிவகாசிக்குப் பக்கம். நாலு வயதில் பேபி ஸ்ரீதேவியாக முருகன் வேஷம் போட்ட பிள்ளை 1983-ல் ஹிந்தியில் அத்தனை பெரிய பெயர் வாங்கினபோது எங்கள் தெருவில், ஏதோ எங்கள் வீட்டுப் பெண்ணையே பம்பாயில் பட்டம் கட்டி உட்கார வைத்த மாதிரி பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. கல்யாணமாகி தாராவிக்கு வந்து, நீ பிறந்து, மாடிப்படியில் உட்கார்ந்து பக்கத்து வீட்டு ரேடியோவுக்குத் தலையை ஆட்டினபோது அந்தப் பேச்சுத்தான் எனக்கு ஞாபகம் வந்தது. 2018 பிப்ரவரியில் ஸ்ரீதேவி உடலை துபாயிலிருந்து கொண்டுவந்து அந்தேரியில் வைத்திருந்தார்கள் அல்லவா, நான் போய் வரிசையில் நின்றேன், உன்னிடம் சொல்லவில்லை. அங்கே நிற்கும்போதுதான் ஒன்று உறைத்தது: கதாநாயகியாக நடிக்க ஆரம்பித்த 1976-ல் அவருக்குப் பதிமூன்று வயதுதான். பதிமூன்று. ஊரில் நாங்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். ஒருத்தர்கூட அந்த வயதை நினைத்துப் பார்க்கவில்லை.

உனக்கு எதுவும் ஞாபகம் இல்லை என்று பேட்டியில் சொன்னாய். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, வேண்டாததும். ஆடிஷனில் உன் பெயர், வயது, உயரம் எழுதின சின்ன போர்டைக் கையில் கொடுத்து நிறுத்துவார்கள். இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு, கையைத் திருப்பிக் காட்டு, சிரி. வீட்டில் தமிழ் மட்டும் பேசின நீ "மேரா நாம்" என்று ஆரம்பித்து ஒரு மூச்சில் சொல்லி முடிப்பாய், வெளியே நாற்பது அம்மாக்களும் நாற்பது பிள்ளைகளும் காத்திருப்போம். "பச்சி அச்சி ஹை", பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள், "ஆனா கலர் கொஞ்சம் கம்மி" என்று என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். நான் திரும்பி ஒரு வார்த்தை சொன்னதில்லை, வீட்டுக்கு வந்து உன் முகத்தில் கடலை மாவும் பாலாடையும் போட்டுத் தேய்த்தேன். எரியுதும்மா என்பாய். சும்மா இரு என்பேன். இன்றைக்கு உன் நிறத்தைப் பற்றி நாலு பேர் பாராட்டி எழுதுகிறதைத் தம்பி படித்துக் காட்டும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடலை மாவு வாசனைதான் வருகிறது.

அந்த பிஸ்கட் விளம்பரத்தை மட்டும் சொல்லியே ஆக வேண்டும். 2004, மே மாதம், மகாலட்சுமி பக்கம் ஒரு ஸ்டுடியோ. ஒரு கடி கடித்து, கண்ணை மூடித் திறந்து சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் காட்சி. கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு வாளி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு டேக் முடிந்ததும் வாயில் இருப்பதை அதில் துப்பிவிட வேண்டும், இல்லையென்றால் யாராலும் அத்தனை பிஸ்கட் தின்ன முடியாது. பெரிய நடிகர்களும் அப்படித்தான் செய்வார்கள் என்று அந்த அசிஸ்டன்ட் பெண் உனக்குப் பொறுமையாகத்தான் சொன்னாள். நீ துப்பவே இல்லை. சோற்றைத் துப்பினால் அடுத்த ஜென்மத்தில் சோறு கிடைக்காது என்று ஆச்சி சொல்லி வளர்த்த பிள்ளை நீ. ஒவ்வொரு தரமும் வாளிப் பக்கம் குனிந்து துப்புகிற மாதிரி பாவனை காட்டிவிட்டு விழுங்கினாய். முப்பத்தெட்டு டேக். எனக்குத் தெரிந்தது, நான் ஓரத்தில் நின்று உன் தொண்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போய் நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அடுத்த விளம்பரத்துக்குக் கூப்பிட மாட்டார்களோ என்ற பயத்தில் வாயே திறக்கவில்லை. திரும்பி வரும்போது மாஹிம் ஸ்டேஷன் படிக்கட்டில் வாந்தி எடுத்தாய், எடுத்துவிட்டு, "அம்மா, இது துப்பினதில்லதானே?" என்று கேட்டாய்.

அந்த விளம்பரம் டிவியில் ஓடினது முப்பது செகண்ட். தாராவி முழுக்க உன்னை பிஸ்கட் பாப்பா என்று கூப்பிட்டார்கள்.

அதே வருஷம் நவம்பரில் உன் முன்பல் ஆட ஆரம்பித்தது. மற்ற வீட்டில் பிள்ளைக்குப் பல் ஆடினால் சிரிப்பார்கள், நான் சாமி படத்துக்கு முன்னால் நின்று அழுதேன். பத்து நாளில் ஒரு ஷூட்டிங், பேசி முடித்தாகிவிட்டது. கடினமானது எதையும் கடிக்க விடாமல் சாதத்தைக் குழைத்துக் குழைத்து ஊட்டினேன், ஆனாலும் ஷூட்டிங்குக்கு முந்தின நாள் விழுந்துவிட்டது. தாதரில் ஒரு பல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன், அவர் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு பொய்ப்பல் செய்து கொடுத்தார். இந்தத் தொழிலில் அதெல்லாம் வழக்கம், பல குழந்தைகள் மாட்டிக்கொண்டுதான் நடிக்கும். விழுந்த பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரை மேல் எறிய வேண்டும் என்று ஆச்சி காத்திருந்தாள். நான் கொடுக்கவில்லை. அந்த நேரத்தில் அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை, எங்கோ வைத்தேன்.

அப்புறம் ஒன்றொன்றாகக் கூப்பிடுவது குறைந்தது. எட்டு வயதுக்கு மேல் யாருக்கும் தேவையில்லை, குழந்தை என்றும் சொல்ல முடியாது, பெரிய பெண் என்றும் சொல்ல முடியாது. உனக்குப் பதிமூன்று நடக்கும்போது பழைய கோஆர்டினேட்டர் ஒருவர் வந்து தெற்கே ஒரு படத்தில் ஹீரோவுக்குத் தங்கச்சி வேஷம், அடுத்த படத்தில் நேராக ஹீரோயின், முதலில் ஒரு போட்டோஷூட் என்று சொல்லி, என்ன மாதிரி உடுப்பு என்று ஒரு ஆல்பத்தைக் காட்டினார். உன் அப்பா ஆல்பத்தை மூடிக் கையில் கொடுத்து, டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றார். நான் அன்றைக்கு அவரோடு சண்டை போட்டேன், மூன்று நாள் பேசவில்லை. அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "பேபி ஷாலினி 83-ல் வந்த பிள்ளை, 97-ல்தான் ஹீரோயினா வந்துச்சு, இவளும் வளரட்டும்." அவர் சொன்னது சரி. அவர் இருக்கும்போது அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

நல்லவேளை, இரண்டாவது தரம் நீயாகவே போனாய். சயானில் காலேஜ் படிக்கும்போது நாடகம் போட்டு, ஆடிஷனுக்குத் தனியாக ரயில் ஏறிப் போய், வேண்டாம் என்று சொன்ன இடத்திலிருந்து தலையை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்தாய். முதல் தமிழ்ப் படத்தில் உன் தமிழில் பம்பாய் வாடை அடிக்கிறது என்று வேறு ஒரு பெண்ணை வைத்து டப்பிங் கொடுத்தார்கள், தியேட்டரில் உன் வாய் அசைய யாரோ பேசினபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. முனிசிபல் தமிழ்ப் பள்ளியில்தான் சேர்ப்பேன் என்று உன் அப்பா பிடிவாதம் பிடித்துப் படிக்க வைத்த பிள்ளை நீ, இந்தக் கடிதத்தை நீ படிக்கிறதே அதனால்தான். மூன்றாவது படத்தில் உன் சொந்தக் குரல் வந்தபோது அதில் ஆச்சியின் இழுவை அப்படியே இருந்தது. அந்தப் படத்தை நான் நாலு தரம் பார்த்தேன், பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டு.

சரி, பணத்துக்கு வருகிறேன். தம்பி சட்டம் படிக்கிறான் அல்லவா, அவனிடம் கேட்டேன். இப்போது விதி இருக்கிறதாம். 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, 2017-ல் விதியும் போட்டிருக்கிறார்கள். பதினாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேல் நடிக்கக் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளைக்கு மேல் கூடாது. தயாரிப்பாளர் மாவட்ட மாஜிஸ்ட்ரேட்டிடம் அனுமதி வாங்க வேண்டும். அஞ்சு பிள்ளைக்கு ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். படிப்பு கெடக் கூடாது. பிள்ளைக்கு இஷ்டமில்லாமல் நடிக்க வைக்கக் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைப் பிள்ளை பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் இந்த மாதிரிச் சட்டம் 1939-லேயே வந்துவிட்டதாம், சார்லி சாப்ளினோடு நடித்த ஜாக்கி கூகன் என்ற பையன் வளர்ந்த பிறகு தன் பணத்தைக் கேட்டு அம்மா மேலேயே கேஸ் போட்டு, அதனால் வந்த சட்டம். தம்பி இதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். "அம்மா மேலேயே" என்று அவன் சொன்னபோது கையில் இருந்த மாவுக் கரண்டியை வைத்துவிட்டேன்.

உன் பணத்தில் 20 சதவீதம் என்றால் 77,300. தம்பி கணக்குப் போட்டுக் காட்டினான். அது எனக்குப் போதாது. மாவு விற்றுச் சேர்த்ததில் அஞ்சு லட்சம் என்னிடம் இருக்கிறது, உன் பெயரில் டெபாசிட் போடப் போகிறேன். இத்தனை வருஷ வட்டியைச் சேர்த்தால் இன்னும் வருமாம், மீதியை அடுத்த வருஷம் போடுவேன். நீ ஒரு படத்தில் இதைவிட அதிகம் வாங்குகிறாய், தெரியும். வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே, பாப்பா.

இன்னொன்று. அந்த ஆறு வயதுக் குழந்தையின் அம்மாவைத் திட்டாதே. அவளைத் தனியாக உட்கார வைத்து, சாப்பிட்டியா என்று முதலில் கேள். அப்புறம் பிள்ளை பெயரில் கணக்கு இருக்கிறதா, அனுமதிக் கடிதத்தை யாராவது காட்டினார்களா, எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்று கேள். அவள் வாய் திறக்கப் பயப்படுவாள். நீ திறக்கலாம். நீ ஹீரோயின், ராத்திரி எட்டு மணிக்கு மேல் இந்தப் பிள்ளையோடு எனக்குக் காட்சி வைக்காதீர்கள் என்று நீ சொன்னால் மாற்றிப் போடுவார்கள். எனக்கு அந்த மகாலட்சுமி ஸ்டுடியோவில் அப்படி ஒருத்தி இருந்திருந்தால் அவள் காலில் விழுந்திருப்பேன்.

பொங்கலுக்கு வரும்போது பான் கார்டு நகலும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டும் எடுத்து வா, பாங்கில் கேட்கிறார்கள். அந்தத் தகர டப்பாவின் அடியில் ஒரு குங்குமச் சிமிழ் இருந்தது, திறந்தால் பஞ்சில் உன் பல். அப்படியே வைத்திருக்கிறேன். சாணம் நம் தெரு முனை மாட்டுத் தொழுவத்தில் கிடைக்கும், மொட்டை மாடிச் சாவியை வாட்ச்மேனிடம் கேட்டிருக்கிறேன்.

அம்மா