கரி பேஸ்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன்

சிவமயம்

அன்பு ராசாவுக்கு ஆத்தா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வளவில் ஓடு மாற்றுகிற வேலை பாதியில் நிற்கிறது. அதெல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம், நீ எடுத்தால்.

பிள்ளையார் நோன்புக்கு வந்தபோது சீப்புச் சீடையை ஒரு பக்கமாகவே ஒதுக்கி மென்றாய். தேன்குழலை வேண்டாம் என்றாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. நீ கிளம்பின பிறகு பார்த்தால், பின்கட்டு மாடத்தில் பல்லில் கறை போக்கும் கரி பேஸ்ட் ஒன்று கிடந்தது.

அக்கா மகனைச் சொத்தைப் பல்லுக்காகக் காரைக்குடியில் டாக்டரிடம் கூட்டிப்போனபோது அந்த டியூபையும் காட்டினேன். கரி மேல் கறையைச் சுரண்டும், கூடவே எனாமலும் தேயும், தேய்ந்தது திரும்ப வளராது என்றார். எனாமல் மெலிந்தால் அடியில் இருக்கிற மஞ்சள்தான் தெரியுமாம். அதனால் தூக்கிப் போட்டுவிட்டேன், கோபப்படாதே. கறை எதனால் வருகிறதோ அது நிற்காமல் எந்தப் பேஸ்ட் வாங்கியும் பலன் இல்லை.

நல்ல பேஸ்ட்டாக வாங்கு. டியூபில் ஃபுளோரைடு 1000 பிபிஎம் என்று போட்டிருக்கிறதா பார். தின்கிற இனிப்பைக் கிருமிகள் அமிலமாக்கிப் பல்லைக் கரைக்கும்போது, போன சுண்ணாம்புச் சத்து மறுபடி பல்லில் சேர அதுதான் உதவுகிறது. துலக்கின பிறகு நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் மருந்து கழுவிப் போய்விடும். இரண்டு நிமிடம் துலக்கு. அழுத்தித் தேய்க்காதே. இராத்திரி கட்டாயம் துலக்கு, தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடும்.

பெங்களூரில் அத்தனை பேரை வைத்து வேலை வாங்குகிறாய் என்று ஊரே பெருமையாகப் பேசுகிறது. எனக்கும் பெருமைதான். ஆனால் இராத்திரி பல் துலக்காமல் படுக்கிற பிள்ளையை எத்தனை வயது வரைக்கும் சொல்லித் திருத்துவது?

டாக்டர் பொதுவாகச் சொன்ன ஒன்றையும் எழுதுகிறேன். சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு ஈறு கெட்டாலும் அவ்வளவாக ரத்தம் வராதாம். ரத்தம் இல்லையே என்று இருந்துவிடுவார்களாம், பல் ஆடும்போதுதான் தெரியவருமாம். பாக்குப் பொட்டலம் போடுகிறவர்களுக்கு வாய் திறப்பதே கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுமாம். அப்பத்தா காலத்தில் புகையிலை கலந்த பற்பொடியையே கடையில் வாங்கித் தேய்த்தார்கள், 1992-இல்தான் அரசு அதைத் தடை செய்தது. சித்தப்பாவுக்கு என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். காரமான குழம்பைத் தொடவே முடியாமல் உட்கார்ந்திருந்தாரே, அது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

நீ ஒன்று செய். கண்ணாடி முன்னால் நின்று வாயை நன்றாகத் திற. சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக, நெட்டுக்குத்தாக மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் போகிறதா என்று வைத்துப் பார், வாய் திறப்பது குறைந்திருக்கிறதா என்று தெரியும். கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருக்கிறதா என்றும் பார். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டவேண்டும். பேஸ்ட்டை மாற்றிப் பார்க்கிற காரியம் இல்லை அது.

மாசியில் நீ வருவதற்குள் டாக்டரிடம் நேரம் வாங்கி வைக்கிறேன். வேண்டாம் என்று சொல்லாதே. அவர் கேட்பதற்கு உள்ளதைச் சொல், நான் வெளியே உட்கார்ந்துகொள்கிறேன். இராத்திரி துலக்கு. மூன்று விரல் போகிறதா என்று அப்பச்சிக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் சொல்.

இப்படிக்கு
ஆத்தா