வெளிநாட்டுப் படிப்பும் முதலெழுத்துச் சிக்கலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

புலமைப்பரிசில் பெற்று வெளிநாட்டில் முதுமாணி படிக்கப் புறப்படும் நம் பட்டதாரிகள் பலரை முதலில் அலைக்கழிப்பது பெயர்தான். கடவுச்சீட்டில் தந்தை பெயர் முழுதாக இருக்கும். பட்டச் சான்றிதழில் வெறும் முதலெழுத்து. தமிழ்ப் பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்ப்பவர் 'சிவநாதன்' என்பதில் ஓர் 'எச்' சேர்த்திருப்பார், அல்லது விட்டிருப்பார். விசா அதிகாரியின் மேசையில் ஒரே பிள்ளை மூன்று பேராகிவிடுகிறது.

சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போதே கடவுச்சீட்டுப் பிரதியையும் கொடுத்து, அதே எழுத்துக்கூட்டலைக் கேளுங்கள். முதலெழுத்துக்கு, இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற சத்தியக்கடதாசி முடியுங்கள். அதன்பிறகு ஆவணங்களை உறுதிப்படுத்த, வெளிவிவகார அமைச்சின் பத்தரமுல்லை கொன்சியூலர் பிரிவுக்குப் போனால் போதும். முந்திப் போனால் பிழையான தாளுக்குத்தான் முத்திரை விழும்.

பிரித்தானியாவில் 6 மாதத்துக்கு மேல் தங்கக் காசநோய்ச் சான்றிதழும் வேண்டும். அது 6 மாதமே செல்லும். ஆனாலும் கடைசி வாரம்வரை வைத்திருக்காதீர்கள்: எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் சளிப் பரிசோதனை முடிவுக்கு 2 மாதம் வரை ஆகலாம்.

பல்கலைக்கழகங்கள் பட்டச் சான்றிதழில் முழுப்பெயரையே அச்சிட வேண்டும் என வற்புறுத்திக் கேட்கிறேன்.

பட்டதாரி வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6