பெட்டி காலி, எல்லோருக்கும் நன்றி

வணக்கம். எங்கள் தேர்வு முறையைப் பாதிக்கக் கூடாது என்று பகுப்பாய்வு முடியும்வரை பார்க்காமல் மூடிவைத்திருந்த தரவுப் பகுதியை, அதாவது எங்கள் 'பெட்டியை', ஒருவழியாகத் திறந்துவிட்டோம். உள்ளே ஒரு நிகழ்வுகூட இல்லை. எனக்கு இதில் வருத்தமில்லை, ஏனென்றால் அந்தக் காலி இடத்தை நம்பலாம் என்று சொல்ல முடிவதே உங்களால்தான்.

நாங்கள் தேடியது, நீண்ட ஆயுள் கொண்ட நடுநிலை (மின்னூட்டமில்லாத) கேயான் என்ற நுண்துகள், பையான் என்ற இன்னொரு நடுநிலைத் துகளாகவும், எதனோடும் எளிதில் மோதாத நியூட்ரினோ இணையாகவும் சிதைவதை. சி.பி. சமச்சீர் (துகளை எதிர்த்துகளாக்கி, இடத்தை வலமாக்கினாலும் விதிகள் மாறாது என்பது) மீறப்பட்டால்தான் இது நடக்கும், அதுவும் துகள் இயற்பியலின் அடிப்படையான நியமக் கோட்பாட்டின் கணக்கில் பத்தாயிரம் கோடி கேயான்களில் சுமார் 3 முறை. நியூட்ரினோக்கள் தடமே இல்லாமல் போய்விடும், கேயானுக்கோ மின்னூட்டம் இல்லாததால் அது வந்த வழியும் தெரியாது, கையில் மிஞ்சுவது பையானிலிருந்து வரும் இரண்டு ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) மட்டும். சிக்கல் என்னவென்றால், அதே கேயான் ஆயிரத்துக்கு ஒன்றைவிடச் சற்றுக் குறைவான விகிதத்தில் இரண்டு பையான்களாகவும் சிதைகிறது. அதில் நான்கு ஃபோட்டான்கள். இரண்டைக் கோட்டைவிட்டால் போதும், நாங்கள் தேடுவது கிடைத்த மாதிரியே இருக்கும்.

அதனால் முதல் நன்றி, கூடுதல் ஃபோட்டான் தெரிந்தால் அந்த நிகழ்வைத் தள்ளிவிட உதவும் வீட்டோ கருவிகளின் குழுவுக்கு. சிதைவு அறையைச் சுற்றி ஒரு இடுக்கு விடாமல் ஃபோட்டானைப் பிடிக்கும் அடுக்குகளை வைத்து, ஒவ்வொரு சேனலையும் அளவுத்திருத்தம் செய்து, "இது சத்தமா, சிக்னலா" என்று நள்ளிரவிலும் சலிக்காமல் பதில் சொன்னவர்கள் நீங்கள்.

அப்புறம் வெற்றிடப் பம்புகளைக் கவனித்துக்கொண்டவர்களே, உங்களை யாரும் மேடையில் ஏற்றுவதில்லை (ஏற்ற வேண்டும்). கேயான் கற்றையோடு வரும் நியூட்ரான்கள் எஞ்சிய காற்றில் மோதினாலே பையான் பிறந்துவிடும், பிறகு நாங்கள் எதைத் தேடி என்ன பயன்?

உள் மதிப்பீட்டுக் குழுவுக்கும் நன்றி, அப்போது நான் முகம் சுளித்திருந்தாலும். ஒரே நியூட்ரான் ஃபோட்டான்களை அளக்கும் படிகத்தில் ஒரு இடத்தில் மோதி, சிதறிப்போய் இன்னொரு இடத்திலும் மோதினால் இரண்டு ஃபோட்டான்கள் போலத் தெரியுமே, துடிப்பின் வடிவத்தை வைத்து அதைப் பிரித்தீர்களா என்று விடாமல் கேட்டீர்கள். அந்தக் கேள்வியால்தான் பின்னணிக் கணக்கு உறுதியானது.

1964-ல் புரூக்ஹேவனில் குரோனின், ஃபிட்ச், கிறிஸ்டென்சன், டர்லே நால்வரும் இதே கேயான் சுமார் 500-ல் ஒரு முறை இரண்டு மின்னூட்டப் பையான்களாகச் சிதைவதைக் காட்டி, சி.பி. சமச்சீர் மீறப்படுகிறது என்று முதலில் நிரூபித்திருக்காவிட்டால் இந்தத் துறையே வேறு மாதிரி இருந்திருக்கும். அவர்களுக்கும் ஒரு கும்பிடு.

இந்தச் சிதைவு அதிகபட்சம் எவ்வளவு அடிக்கடி நடக்கலாம் என்ற மேல் வரம்பு கட்டுரையில் வரும். ஆசிரியர் பட்டியலில் இடம்பெறாத கிரேன் இயக்குநர்கள், முடுக்கி ஷிப்ட் ஆட்கள், கணினி நிர்வாகிகள் எல்லோரையும் நன்றியுரையில் சேர்த்திருக்கிறேன். யாரையாவது விட்டிருந்தால் உடனே சொல்லுங்கள், அச்சுக்குப் போவதற்குள் சேர்த்துவிடலாம்.