குறுக்கே ஒரு கல் சுவர்

அன்புள்ள சேது,

ஸ்காட்லாந்து வந்தவன் கோல்ஃப் ஆட செயின்ட் ஆண்ட்ரூஸ் போனாயா என்றுதான் முதலில் கேட்பாய். போனேன், ஆடவில்லை. அங்கே ஓல்ட் கோர்ஸ் மைதானத்தில் ஆட வேண்டுமென்றால் ரொம்ப முன்னாலேயே இடம் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயர் கொடுத்துவிட்டுக் குலுக்கலில் விழுமா என்று பார்க்க வேண்டும். நான் போனது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அங்கே ஆட்டமே கிடையாது. ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு உலாவுகிறார்கள். நானும் உலாவினேன்.

ஆடியது நார்த் பெர்விக்கில். மகள் வீடு எடின்பரோவில். அங்கிருந்து ரயிலில் அரை மணி நேரம். 1832-இல் தொடங்கிய கிளப். கட்டணத்தைச் சொன்னால் திட்டுவாய், விடு. ஒரு பக்கம் கடற்கரை, தூரத்தில் பாஸ் ராக் என்ற பாறைத் தீவு, கேனட் பறவைகள் அடைந்து அடைந்து வெள்ளையாகிவிட்டது.

இங்கே யாரும் மைதானம் 'அமைத்த' மாதிரியே தெரியவில்லை. பயிருக்கு ஆகாத மணல் மேடு, ஆடு மேய்ந்த புல், அதன் மேல் ஆட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. 13ஆவது குழியைப் பார்த்தால் புரியும். கிரீனுக்கு, அதாவது கொடி நட்ட குழி இருக்கும் வழவழப்பான புல்தரைக்கு, முன்னால் குறுக்கே ஒரு கல் சுவர்! சுவர் முதலில் வந்தது, கோல்ஃப் அப்புறம் வந்தது. அதனால் சுவரைத் தாண்டித்தான் அடிக்க வேண்டும். என் பந்து சுவருக்கு ஒரு முழம் இப்பால் போய் நின்றது. கூடவே பை தூக்கி வந்த உதவியாளரை (கேடி) பார்த்தேன். பக்கவாட்டில் அடித்து வெளியே எடுங்கள் என்றார், அதில் விசேஷமாக எதுவும் இல்லை என்பதுபோல. நம் ஊராக இருந்தால் கமிட்டி கூடிச் சுவரை இடித்திருக்கும்.

15ஆவது குழிக்கு ரெடான் என்று பெயர். உலகம் முழுக்கக் காப்பி அடித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மைதான வடிவமைப்பாளர் சார்ல்ஸ் பிளேர் மெக்டோனல்டு தன் நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸ் மைதானத்திலேயே ஒன்று வைத்தார். மூன்றே அடியில் முடிக்க வேண்டிய குழி. கிரீன் நம்மைப் பார்த்துச் சாயாமல், வலது முன்புறத்திலிருந்து இடது பின்புறமாகச் சரிந்து போகிறது. இடது முன்னால் ஆழமான பங்கர், அதாவது மணல் பள்ளம். கொடியைப் பார்த்து நேராக அடிப்பவன் அதில் விழுவான். வலது பக்கம் சற்று முன்னாலேயே பந்தை இறக்கிவிட்டால் மீதியைச் சரிவே பார்த்துக்கொள்ளும். ஊட்டியில் நாம் பழகியதெல்லாம் பந்தை உயரத் தூக்குவது. இங்கே தூக்கினால் காற்று கொண்டுபோய்விடும். மண் மணலானதால் மழை நீர் நிற்காது, தரை இறுகிக் கிடக்கிறது, தாழ அடித்த பந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்த ஆட்டம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நல்ல அடி மேட்டில் பட்டுத் தப்பான பக்கம் துள்ளினால் கோபம் வருகிறது, ஆனால் மோசமான அடியும் சில நேரம் கொடிக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

18ஆவது குழிக்கு வலது பக்கம் தெருவோரம் கார்கள் வரிசையாக நிற்கின்றன. தைரியசாலிகள்.

உன் முட்டி ஆபரேஷன் எப்போது? டாக்டர் நடக்கலாம் என்றதும் எழுது. இங்கே பெரும்பாலும் எல்லோரும் நடந்தேதான் ஆடுகிறார்கள், அதனால் அது சரியாகாமல் உன்னைக் கூப்பிட மாட்டேன்.

அன்புடன்,
ரகு